வரிக்கொடுமையை நாடறியச் செய்த லட்சுமிநரசு செட்டியார்

கிட்டி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது சிறுவர் ஆடும் கிட்டிப்புள் ஆட்டமே. அகரமுதலிகளைப் புரட்டுவோர்க்கு அச்சொல்லின் பிறிதொரு பொருளும் கண்ணிற்படும். இரண்டு கோல்களை ஒருபுறம் பிணைத்து, அவற்றின் இடையே ஒருவனுடைய கையையோ விரலையோ வைத்து நெருக்கித் துன்புறுத்தும் கருவிக்கும் கிட்டி என்றே பெயர். அண்ணாந்தாள் என்பது மற்றொரு சொல். ஒருவனைக் குனிய வைத்து, அவன் உடுத்திய துணியாலோ வைக்கோற் கயிற்றாலோ கழுத்தையும் கால்விரல்களையும் சேர்த்துக் கட்டி, நிமிர வொட்டாமல் நிற்கச் செய்வது அது. இவ்விரு சொற்களும் 1855ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தில் அச்சேறிக் கடல் கடந்தன. இலண்டன் நாடாளுமன்றத்தார் படிக்கும் அறிக்கையொன்றில் இடம் பெற்றன. சொற்களின் வரலாற்றில் விருப்பமுடையோர்க்கு இஃது ஒரு வியப்பு. அவை அங்கே செல்வதற்குக் காரணமானவர்களுள் முதல்வர், கல்லூரி வாயிலை மிதியாத ஒரு வணிகர். அவரே கஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

சென்னை நகரில் 1806ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடி அவருடையது. கஜுலு என்னும் தெலுங்குச் சொல்லுக்கு வளையல் என்பது பொருள். தந்தையார் சித்துலு செட்டியார் அவுரிச் சாயத்திலும் சாயமேற்றிய துணியிலும் வாணிகம் செய்தவர். இளமையிலேயே தந்தையின் கடையில் அமர்ந்த லட்சுமிநரசு, பள்ளியிற் பெறாத ஆங்கில அறிவை வாணிகத்தின் வழியாகவே வளர்த்துக்கொண்டார். கைக்குட்டைத் துணி ஏற்றுமதியும் அவுரியும் பருத்தியும் அவரைப் பெருஞ்செல்வராக்கின.

அவுரி என்றதும் தென்னார்க்காட்டு நிலம் நினைவுக்கு வருதல் இயல்பு. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் இப்பகுதியின் பணப்பயிர்களுள் அது முதன்மையானது. மணிலாப் பயறு வந்து அதன் இடத்தைப் பிடித்தது பின்னரே. கடலூர், புதுச்சேரிக் கரையிலிருந்து நீலத்துணி கப்பலேறிய காலம் அது. துணி விற்றுப் பொருள் ஈட்டும் வணிகன், அத்துணியை நெய்தவன் தறிக்கு வரி கட்டுவதையும், சாயம் விளைத்தவன் நிலத்துக்கு வரி கட்ட முடியாமல் நிற்பதையும் காண நேர்ந்தே தீரும். கண்டவர் பலராயினும், அதனைத் தம் கவலையாக ஏற்றுக்கொண்டவர் மிகச் சிலரே.

எனினும் அவரது பொதுவாழ்வு வரிப் பிரச்சினையில் தொடங்கவில்லை. சமயப் பூசலில் தொடங்கிற்று. 1842 முதல் சென்னையில் ஆளுநராக இருந்த டுவீடேல் பிரபுவின் ஆட்சியில் அரசும் கிறித்தவச் சமயப் பணியாளரும் நெருங்கி நிற்பதாக நகரத்து இந்துக்கள் எண்ணினர். அந்த அச்சத்தை எழுத்திற் கொணர ஓர் இதழ் வேண்டியிருந்தது. லட்சுமிநரசு செட்டியார் தம் பொருளைக் கொண்டு ஒரு சிறு பத்திரிகையைக் கைக்கொண்டு, அதற்குக் கிரசென்ட் எனப் புதுப்பெயரிட்டார். வளர்பிறை என்பது அதன் பொருள். 1844ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அதன் முதல் இதழ் வெளிவந்தது. படைத்துறையில் இருந்து விலகிய எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயர் ஆசிரியரானார். இதழின் தொடக்கத்தை அறிவிக்கும் விளம்பரத்தை அரசிதழில் வெளியிட அரசு மறுத்துவிட்டது. பிறக்கும்போதே அப்பத்திரிகைக்கு அமைந்த நற்சான்று அதுவே எனலாம்.

1846இல் இரண்டு செய்திகள் நகரைக் கலக்கின. அரசுப் பள்ளியில் விவிலியத்தைப் பாடமாக்க ஆளுநர் கருத்துரைத்தது ஒன்று. மதம் மாறியவர் தம் குடும்பச் சொத்துரிமையை இழவாதிருக்கச் சட்ட வரைவு எழுந்தது மற்றொன்று. அவ்வாண்டு அக்டோபரில் கூடிய பெருங்கூட்டத்துக்கு லட்சுமிநரசு செட்டியார் தலைமை தாங்கினார். மேலிடத்துக்கு விண்ணப்பம் சென்றது. விவிலியப் பாடத்துக்குக் கும்பினியின் இயக்குநர் அவை 1847இல் இசைவளிக்க மறுத்தது. சமயச் சார்பின்மையே அதற்குக் காட்டிய காரணம். சொத்துரிமைச் சட்டமோ 1850இல் நிறைவேறிற்று. முதலாவதில் செட்டியாரின் பக்கம் நியாயம் இருந்தது. இரண்டாவதில் அவ்வாறு கூற இயலாது. தன் மனச்சான்றின்படி சமயம் மாறிய ஒருவன் தந்தையின் சொத்தை இழக்க வேண்டும் என்பது எந்த நெறியின்பாற்படும்? அவர் தம் காலத்துச் செல்வர் கூட்டத்தின் மகனாகவே அதில் நின்றார் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

அக்கூட்டங்களுக்குப் பின்புலமாக இருந்தது பச்சையப்பர் அறநிலையத்தைச் சூழ்ந்த நண்பர் குழாம். பச்சையப்ப முதலியார் தில்லைக் கோயிலுக்கும் பிற தலங்களுக்கும் எழுதிவைத்த கொடையில் எஞ்சிய பொருளே சென்னையிற் கல்லூரியாயிற்று. சிதம்பரத்தில் அவர் பெயரால் பள்ளி நடப்பதும் அதன் தொடர்ச்சியே. அவ்வறநிலையத்தின் அறங்காவலர் தலைவராக விளங்கியவர் கோமளீசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளை. அவரும் லட்சுமிநரசு செட்டியாரும் சேர்ந்து உழைத்த ஆண்டுகள் உண்டு.

1852 பிப்ரவரி 26ஆம் நாள் சென்னைச் சுதேசிகள் சங்கம் தோன்றியது. கல்கத்தாவில் முந்தைய ஆண்டில் எழுந்த பிரித்தானிய இந்தியச் சங்கத்தின் கிளையாகவே முதலில் அது கருதப்பட்டது. சில திங்களுக்குள் தனித்து நின்றது. கும்பினியின் பட்டயம் 1853இல் புதுப்பிக்கப்பட இருந்தது. அதற்குமுன் நாட்டின் குறைகளை நாடாளுமன்றத்தின் செவியில் ஏற்றிவிட வேண்டும் என்பதே சங்கத்தாரின் நோக்கம். அவ்வாண்டின் இறுதியில் எழுந்த நெடிய விண்ணப்பத்தில் நிலவரியின் சுமை, தறிக்கும் கடைக்கும் தொழிற்கருவிக்கும் விதிக்கப்பட்ட மோத்தர்பா வரி, உப்பு வரி, வழக்குமன்றங்களின் காலத்தாழ்வு, பாசனப் பணிகளில் அரசு காட்டிய அசட்டை, கல்விக்கு ஒதுக்கிய சிறு தொகை ஆகியன இடம் பெற்றன. கடலூர்ப் பகுதி நெசவாளரும் உழவரும் தம் வாழ்வைப் பற்றித் தாமே எழுதியிருந்தாலும் ஏறத்தாழ இப்பட்டியலையே எழுதியிருப்பர்.

சங்கத்துக்குள் விரைவிலேயே பிளவு நேர்ந்தது. சீனிவாச பிள்ளையும் வெங்கடராயுலு நாயுடுவும் விலகிக் கைம்பெண் மறுமணம், பெண்கல்வி, ஒடுக்கப்பட்டோர் உயர்வு ஆகியவற்றை நோக்கமாகக் கொண்டு வேறொரு சங்கம் கண்டனர். ஆட்சியைத் திருத்துவதா, சமூகத்தைத் திருத்துவதா என்று பின்னாளில் பேராயக் கட்சியையும் நீதிக்கட்சியையும் அலைக்கழித்த வினா 1852இலேயே சென்னையில் எழுந்துவிட்டது. செட்டியார் ஆட்சியின் பக்கமே தம் முழு ஆற்றலையும் செலுத்தினார். பெண்கல்வி பேசிய அணியின் பக்கம் அவர் நில்லாமற் போனது பேரிழப்பே. ஆயினும் ஒரு மனிதனுக்கு ஒரு பிறவியில் ஒரு பெரும்பணி வாய்ப்பதே அரிது. அவருக்கு வாய்த்த பணி அடுத்த ஆண்டே வாயிலில் வந்து நின்றது.

விண்ணப்பம் இலண்டனில் முற்றிலும் வீண்போகவில்லை. அங்கே 1853இல் இந்தியச் சீர்திருத்தக் கழகம் அமைந்தது. அதன் தலைவரான நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர், உண்மையை நேரில் அறிய அவ்வாண்டிலேயே சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு செட்டியார் அவருடன் மாவட்டங்களுக்குப் பயணம் செய்தார். இருப்புப்பாதை சென்னையில் ஓடத் தொடங்காத காலம், தொடக்கம் 1856இல்தான். மாட்டுவண்டியும் பல்லக்குமே ஊர்தி. வெள்ளைக்காரத் துரையொருவரைக் கண்டால் ஒதுங்கும் உழவன், தன் மொழியறிந்த ஒருவர் உடனிருந்தமையால் வாய் திறந்தான். வரிப்பாக்கிக்காகத் தன் உடம்பு பட்டதை அவன் சொல்லச் சொல்ல, சீமோர் கேட்டறிந்தார்.

உழவன் சொன்னது என்ன என்பதை விளங்கிக்கொள்ள அக்கால ஆட்சிமுறையைச் சிறிது நோக்க வேண்டும். தென்னார்க்காடு 1801இல் கும்பினியின் கைக்கு வந்தது. இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் பரப்பு அது; மஞ்சக்குப்பத்துக் கச்சேரியில் கலெக்டர் அமர்ந்தார். இரயத்துவாரி முறைப்படி ஒவ்வோர் உழவனும் நேரே அரசுக்கு வரி செலுத்துபவன். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கணக்கு முடியும். ஏட்டளவில் அம்முறை இடைத்தரகரை ஒழித்த நல்ல முறை. நடைமுறையிலோ விதித்த வரி மிகுதி. மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் அது எளிதிற் குறையாது. போதாக்குறைக்கு, 1816இல் வந்த சட்டத்தால் வரி தண்டும் தாசில்தாரே காவல்துறைக்கும் தலைவரானார். வரி கேட்பவனும் அவன். அடித்தால் முறையிடச் செல்ல வேண்டியதும் அவனிடமே. இதனினும் பொல்லாத இணைப்பு ஒன்றைக் கற்பனை செய்தல் அரிது.

கிட்டியும் அண்ணாந்தாளும் தவிரப் பிறவும் வழக்கில் இருந்தன. உச்சி வெயிலில் நிறுத்துவர், முதுகிற் கல்லேற்றுவர், காதைத் திருகுவர், தொடையைக் கிள்ளுவர், இருவர் குடுமியை ஒன்றாக முடிவர், கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவர். உண்ணவும் உறங்கவும் விடாமல் வைப்பதும் உண்டு. தொகை எப்போதும் பெரிதன்று; சில ரூபாய்க்காகவும் இவை நிகழ்ந்தன. பள்ளு நூல்களில் பள்ளன் தொழுவில் மாட்டப்படும் காட்சியை நாம் படித்திருக்கிறோம். பெரும்பாலும் அது நகைச்சுவைக்குரிய காட்சியாகவே அமைகிறது. மூத்த பள்ளி வந்து மன்றாட, பண்ணைக்காரன் விடுவிக்க, கதை நகர்ந்துவிடும். வலியை வலியென்றே எழுதும் பொறுப்பை அந்நாளையத் தமிழ்க் கவிதை பெரிதும் ஏற்கவில்லை. தலபுராணங்களும் அந்தாதிகளும் செழித்த அந்த ஆண்டுகளில், உழவனின் விரல் நெரிந்ததைப் பதிந்து வைத்தது ஓர் அரசு அறிக்கையின் வறண்ட உரைநடையே. கவிஞர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை. பசித்தாரைக் கண்டு பதைத்த வள்ளலார் அந்த ஆண்டுகளில் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில்தான் வாழ்ந்தார். அவர் நம் பக்கம் திரும்பியது அதற்குப் பின்னர்.

1854 சூலையில் நாடாளுமன்றத்தில் சென்னை மாகாணத்து நிலவரி பற்றிய விவாதம் எழுந்தபோது, சீமோர் தாம் அறிந்ததை எடுத்துரைத்தார். கும்பினியின் சார்பில் பேசியோர் அப்படியொன்று இல்லை என்றனர். மறுப்பு வலுத்ததாலேயே விசாரணை தவிர்க்க முடியாததாயிற்று. அவ்வாண்டில் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் சென்னையில் அமைந்தது. நார்ட்டன் புகழ்பெற்ற வழக்கறிஞர். மாகாண நிருவாகத்தின் குறைகளைக் கடுமையாகச் சாடியவர். அவர் பெயர் பட்டியலில் இருந்தமையே ஆணையத்தின்மேல் மக்கள் நம்பிக்கை வைக்கப் போதுமானதாயிற்று.

முறையிட விரும்புவோர் வரலாம் என்று அறிவிப்புச் சென்றது. வழிச்செலவு எவரும் தரார். ஊரிற் பகை விளையும். திரும்பிச் சென்றால் அதே தாசில்தாரின் முன்னேதான் நிற்க வேண்டும். இத்தனையும் அறிந்தும், நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்தவர்கள் இருந்தனர். நேரில் வந்து சொல்லியவை 519 முறையீடுகள். மடல்வழி வந்தவை 1,440. மொத்தம் 1,959. குறுகிய காலத்தில், இத்தனை இடர்ப்பாடுகளுக்கிடையே, எழுத்தறிவு அருகிய ஒரு நாட்டில் இந்த எண்ணிக்கை வந்தது என்பதை ஒருகணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1855 ஏப்ரலில் ஆணையம் அறிக்கை தந்தது. வரி தண்டுவதற்காகத் துன்புறுத்தல் நடைபெறுவது உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. குற்றத்தைக் கீழ்நிலை இந்திய ஊழியர்மேல் சுமத்தி, ஆங்கில அதிகாரிகளுக்கு அதில் உடன்பாடு இல்லை என்று விடுவித்தது. இம்முடிவு யாருக்கு வசதியானது என்று விளக்க வேண்டியதில்லை. கிட்டியைப் பிடித்த கை சேவகனுடையது என்பது மெய்யே. கிட்டி பிடித்தாலன்றித் தண்ட முடியாத வரியை விதித்த கை எவருடையது என்னும் வினா அறிக்கையின் எல்லைக்கு வெளியே விடப்பட்டது. அதனை உலகறியக் கேட்டவர் காரல் மார்க்சு. 1857 செப்டம்பரில், வடநாட்டுக் கிளர்ச்சியாளரின் கொடுமை பற்றி இங்கிலாந்து கொதித்தபோது, நியூயார்க்கின் டெய்லி டிரிப்யூன் இதழில் சென்னை அறிக்கையை முன்வைத்து அவர் எழுதினார். தென்னாட்டு உழவனின் முறையீடு இவ்வாறு அமெரிக்க வாசகர் வரை சென்றது.

பயன் சிறிதும் விளையாமற் போகவில்லை. காவல் பணியை வரி தண்டும் பணியிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கும் சட்டம் சென்னை மாகாணத்துக்கென 1859இல் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவில், வரிப்பாக்கியைக் கட்டச் செய்வதற்காக ஒருவனைத் துன்புறுத்தும் வருவாய்த்துறை அலுவலன் குற்றவாளியே என்பது ஓர் எடுத்துக்காட்டாக அமைந்தது. 2024 சூன் இறுதிவரை நடைமுறையில் இருந்த அச்சட்டத்தைப் பயின்ற வழக்கறிஞர் தலைமுறைகள் அந்த எடுத்துக்காட்டைக் கடந்தே வந்திருப்பர். அதன் பின்னே நின்ற உழவர்களை எண்ணியோர் எத்தனை பேரோ!

செட்டியாருக்கு அரசின் மதிப்பும் பின்னர் வந்தது. சி.எஸ்.ஐ. என்னும் பட்டம் வழங்கப்பட்டது. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் முதலில் இடம்பெற்ற இந்தியர் வெ. சடகோபாசார்லு. அவர் மறைவுக்குப் பின், 1863இல், லட்சுமிநரசு செட்டியார் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அரசிதழில் விளம்பரத்துக்கு இடம் மறுக்கப்பட்டவர்க்கு மன்றத்தில் இருக்கை கிடைத்தது. அது வாக்கால் வந்த இருக்கையன்று. அரசு விரும்பி அளித்தது. அதன் அதிகாரமும் சிறிது. தேர்தலின் வழியே அமைந்த மன்றத்துக்குப் பொறுப்புடைய முதலமைச்சராக நம் கடலூர்ச் சுப்பராயலு ரெட்டியார் 1920 டிசம்பரில் பொறுப்பேற்க இன்னும் 57 ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தன.

இதற்கிடையே செல்வம் கரைந்துகொண்டிருந்தது. பத்திரிகை என்பது அன்றும் பொருளை விழுங்கும் தொழில். சந்தா செலுத்துவோர் குறைவு. அச்சுக்கூலியும் ஆசிரியர் ஊதியமும் திங்கள்தோறும் தவறாத செலவு. சங்கத்தின் விண்ணப்பங்கள், பயணங்கள், கூட்டங்கள் ஆகியவற்றின் சுமையும் பெரும்பாலும் அவர் தோளிலேயே விழுந்தது. வாணிகத்தைக் கவனித்திருக்க வேண்டிய ஆண்டுகளைப் பொதுப்பணிக்குக் கொடுத்த வணிகனின் கணக்கேடு எப்படி முடியுமோ அப்படியே அவருடைய ஏடும் முடிந்தது. அறுபதுகளில் சங்கமும் மெலிந்தது. முன்னின்று உழைக்க ஆளில்லை.

1867 மே திங்களில் வடலூரில் வள்ளலார் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். அடுத்த ஆண்டு, 1868இல், சென்னையில் லட்சுமிநரசு செட்டியார் வறுமையில் மறைந்தார். அவர் காலத்துக்குப் பின் 1878இல் இந்து வார இதழும் 1884இல் சென்னை மகாசன சபையும் தோன்றின. 1896இல் தென்னாட்டுப் பெருமக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் நூலாக எழுதிய ஜி. பரமேசுவரன் பிள்ளை, அந்நூலில் பட்டம் பெற்றோர், நீதிபதிகள், திவான்கள் ஆகியோரிடையே அந்தத் துணி வணிகருக்கும் ஓர் இயல் ஒதுக்கினார்.